ஃபேஷன் துறையில் வேலை வேணுமா? நூறு விண்ணப்பத்தைவிட சரியான பத்து ஏன் மேல்

'ஃபேஷன் துறையில் வேலை' என்று சொன்னதும் பெரும்பாலானோருக்கு இரண்டே படங்கள்தான் மனதில் வரும். ஒன்று, ராம்ப்பில் நடக்கும் மாடல். இன்னொன்று, ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் டிசைனர். இந்த இரண்டும் துறையின் மிகச் சிறிய மூலைகள். ஜவுளி, ஆடைத் துறையில் நேரடியாக சுமார் 4.5 கோடி பேர் வேலை செய்கிறார்கள் என்கிறது மத்திய அரசு. விவசாயத்துக்கு அடுத்து அதிகம் பேருக்கு வேலை தரும் துறை இதுதான். இதில் தறியில், தையல் மெஷினில் உட்காருபவர்களே பெரும்பகுதி. ஆனால் அவர்களுக்கும் கடையில் சட்டை வாங்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய அலுவலக உலகம் இருக்கிறது. மெர்ச்சண்டைசர், பையர், பிளானர், சோர்சிங் எக்ஸிக்யூட்டிவ், குவாலிட்டி, கேட்டலாக், சப்ளை செயின், விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்று போகும் அந்த உலகத்தில்தான் பட்டதாரிகளுக்கான வாய்ப்புகள் அதிகம்.

பிரச்சனை என்னவென்றால், அந்த வாய்ப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் ஐ.டி. வேலைக்கு அனுப்பிய அதே ரெஸ்யூமேவை, பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். பதில் வராததும் "நிஃப்ட்ல படிச்சாத்தான் எடுப்பாங்க போல" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் 1986-ல் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியிலும் அதன் வளாகம் இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு வளாக நேர்காணல் என்ற கூடுதல் வசதி இருப்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பி.காம், பி.பி.ஏ., டெக்ஸ்டைல் டெக்னாலஜி, ஏன் புள்ளியியல் படித்தவர்கள்கூட இந்தத் துறைக்குள் போயிருக்கிறார்கள். திருப்பூரின் நிஃப்ட்-டீ கல்லூரி, கோவையின் பி.எஸ்.ஜி., குமரகுரு, குமாரபாளையத்தின் எஸ்.எஸ்.எம். போன்ற இடங்களில் படித்தவர்களுக்கு ஃபேக்டரி தரை பற்றிய அறிவு கூடுதலாகவே இருக்கும். அதை விண்ணப்பத்தில் எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், யார் முதலாளி?

சட்டையில் இருக்கும் பெயர் வேறு, சம்பளம் போடும் நிறுவனத்தின் பெயர் வேறு. லிங்க்ட்இன்-இல் 'ஜூடியோ' என்று மட்டும் தேடினால் கடை விற்பனையாளர் வேலைகள் சில கண்ணில் படும். ஜூடியோவையும் வெஸ்ட்சைடையும் நடத்துவது டாடா குழுமத்தின் ட்ரெண்ட். 2016-ல் தொடங்கிய ஜூடியோவுக்கு 2025 மார்ச் இறுதியில் 765 கடைகள் இருந்தன. அத்தனை கடைகளுக்கும் எந்த நிறம், எந்த சைஸ், எத்தனை பீஸ் என்று முடிவெடுக்க ஆட்கள் வேண்டும். அவர்கள் உட்கார்ந்திருப்பது கடையில் இல்லை, ட்ரெண்ட் அலுவலகத்தில்.

இதே மாதிரிதான் மற்றவையும். அஜியோ ரிலையன்ஸ் ரீடெயிலுடையது. மேக்ஸ், லைஃப்ஸ்டைல் இரண்டும் லேண்ட்மார்க் குழுமம். யு.எஸ். போலோ, ஆரோ எல்லாம் அர்விந்த் ஃபேஷன்ஸ். லூயி பிலிப், வான் ஹுசன், ஆலன் சோலி, பீட்டர் இங்கிலாந்து நான்கும் 2025-ல் தனி நிறுவனமாகப் பிரிந்த ஆதித்ய பிர்லா லைஃப்ஸ்டைல் பிராண்ட்ஸ் கையில் இருக்கின்றன. (இந்த நான்கையும் வெகுகாலம் நடத்திய பிரிவின் பெயர் 'மதுரா ஃபேஷன்'. அந்த மதுரா நம்ம மதுரைதான். ஹார்வி மில்லில் இருந்து வந்த மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் ஒரு கிளையாகத்தான் அது பிறந்தது.)

டிசைனர் பெயர்களும் இப்போது அப்படியே. சப்யசாச்சி நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 2021-ல் ஆதித்ய பிர்லா ஃபேஷன் வாங்கியது. மனீஷ் மல்ஹோத்ராவின் நிறுவனத்தில் ரிலையன்ஸ் பிராண்ட்ஸ் அதே ஆண்டு 40 சதவீதம் வாங்கியது. கார்ப்பரேட் பணம் உள்ளே வரும்போது, ஸ்டுடியோவுக்கு வேண்டியது தையல் மட்டுமல்ல, ஸ்டாக் கணக்கும் ரீடெயில் திட்டமிடலும்கூட.

ஊர் கணக்கும் முக்கியம். பிராண்ட், இ-காமர்ஸ் வேலைகள் பெங்களூருவிலும் மும்பையிலும் அதிகம். மிந்த்ரா பெங்களூருவில்தான் 2007-ல் தொடங்கியது. நெய்த துணி ஆடை ஏற்றுமதிக்கும் பையிங் ஏஜென்சிகளுக்கும் டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம். பின்னலாடை என்றால் திருப்பூர், அதில் மறுபேச்சே இல்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போகிறது. எந்த வேலை வேண்டும் என்று தெரியாமல் ஊரை முடிவு செய்வதும், ஊரை முடிவு செய்துவிட்டு அங்கே இல்லாத வேலையைத் தேடுவதும் ஒரே வகை நேர விரயம்தான்.

மெஷின்தான் என் ரெஸ்யூமேவை ரிஜெக்ட் செய்ததா?

'75 சதவீத ரெஸ்யூமேக்களை மனிதர்கள் பார்ப்பதே இல்லை, ஏ.டி.எஸ். என்ற சாஃப்ட்வேரே தூக்கி எறிந்துவிடுகிறது' என்று ஒரு எண் இணையம் முழுக்க சுற்றுகிறது. அந்த எண்ணின் வேரைத் தேடிப் போனால் அது போய் நிற்பது ரெஸ்யூமே சேவை விற்ற ஒரு அமெரிக்க நிறுவனத்தில். அந்த நிறுவனமும் 2013-லேயே மூடப்பட்டுவிட்டது. அதன் பின்னால் ஆய்வு எதுவும் வெளியிடப்படவில்லை. அதைக் காட்டி உங்களிடம் 'ஏ.டி.எஸ். ஃப்ரெண்ட்லி' டெம்ப்ளேட் விற்க வருபவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

அதற்காக வடிகட்டலே நடப்பதில்லை என்று அர்த்தம் இல்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்ச்சரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 88 சதவீத நிறுவனங்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டன: வேலை அறிவிப்பில் உள்ள நிபந்தனைகளோடு அச்சு அசலாகப் பொருந்தாத காரணத்தால், தகுதியுள்ள திறமைசாலிகளும் வெளியே தள்ளப்படுகிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களை வைத்து நடந்த ஆய்வு அது. ஆனால் இங்குள்ள பெரிய நிறுவனங்களும் இதே மாதிரி சாஃப்ட்வேர்களைத்தான் பயன்படுத்துகின்றன.

அதனால் செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணமானது. அறிவிப்பில் என்ன சொல் இருக்கிறதோ, உங்களுக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரியுமானால், அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். அவர்கள் 'டெக் பேக்' என்று கேட்டிருக்கும்போது நீங்கள் 'ஆடை விவரக்குறிப்பு ஆவணங்கள்' என்று சுற்றி வளைக்க வேண்டாம். ரெஸ்யூமே சாதாரண ஒற்றைப் பத்தி வடிவத்தில் இருக்கட்டும். ஃபேஷன் துறை என்பதற்காக கலர் பட்டை, ஸ்டார் ரேட்டிங், வட்டத்துக்குள் போட்டோ எல்லாம் வேண்டாம். அழகுணர்ச்சியைக் காட்ட வேண்டிய இடம் போர்ட்ஃபோலியோ.

ரெஸ்யூமேவில் எதை எழுதுவது?

திருப்பூர் பக்கத்தில் பி.காம் முடித்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாமாவின் ஜாப் ஒர்க் யூனிட்டில் இரண்டு வருஷம் கணக்கு பார்த்திருக்கிறார். செக்கிங் டேபிளில் நின்றிருக்கிறார், காஜா பட்டனுக்கு பீஸ் அனுப்பி வாங்கியிருக்கிறார், டையிங்கில் ஷேடு மாறி வந்த துணிக்குச் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் ரெஸ்யூமேவில் இருப்பது 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யும் திறன், எம்.எஸ். ஆபீஸ் தெரியும்' என்ற மூன்று வரி. "அது சொந்தக்காரங்க யூனிட்தானே, அதையெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்னு போடலாமா?" என்ற தயக்கம்.

தாராளமாகப் போடலாம். போட்டே ஆக வேண்டும். ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் மேலாளருக்கு அந்த ஷேடு சண்டை ஒரு டிப்ளமோவைவிடப் பெரிய சான்று. எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். புரிவதற்காக இங்கே தமிழில்:

'கணக்கு மற்றும் நிர்வாக உதவி' என்பது ஒன்றும் சொல்லாத வரி. 'வாரத்துக்கு இத்தனை பீஸ் தைக்கும் யூனிட்டில், கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பீஸ் நிற்கிறது என்பதை எக்செல் ஷீட்டில் தினமும் பதிவு செய்தேன்; ரிஜெக்ட் ஆன பீஸ்களை காரணம் வாரியாகப் பிரித்தேன்' என்பது வேலை சொல்லும் வரி. எண்ணை நீங்களே நிரப்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி நிச்சயம் அதைப் பற்றித்தான் வரும்.

கடையில் வேலை செய்தவர்களுக்கும் இதே கதைதான். தீபாவளி சீசனில் ஜவுளிக்கடையில் நின்றவருக்கு எந்த சைஸ் முதலில் தீரும், வாடிக்கையாளர் எதைக் கேட்டுவிட்டு இல்லாமல் திரும்பிப் போனார் என்று தெரியும். பிளானிங் டீம் ஏங்குவதே அந்தத் தகவலுக்குத்தான்.

அனுபவமே இல்லை என்றால்?

வீட்டுப்பாடம் ஒன்று செய்து இணைத்து அனுப்புங்கள். 'எனக்கு ஃபேஷன் என்றால் சின்ன வயதில் இருந்தே ஆர்வம்' என்று கவர் லெட்டரில் எழுதாதவர் யாரும் இல்லை. ஒரு பக்கக் கணக்கை இணைப்பவர் அபூர்வம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பையர் அல்லது பிளானர் வேலைக்கு என்றால், ஒரு கற்பனை டி-ஷர்ட் ஸ்டைலை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வந்தது 500 பீஸ்: ஸ்மால் 100, மீடியம் 150, லார்ஜ் 150, எக்ஸ்.எல். 100. ஆறு வாரத்தில் விற்றது 320. அதாவது செல்-த்ரூ 64 சதவீதம். 'பரவாயில்லை' என்று தோன்றும். இப்போது சைஸ் வாரியாகப் பாருங்கள்: எக்ஸ்.எல். 100-ம் இரண்டாவது வாரத்திலேயே காலி, லார்ஜ் 120, மீடியம் 80, ஸ்மால் வெறும் 20. எக்ஸ்.எல். கேட்டு வந்தவர்கள் நான்கு வாரம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் 180 பீஸில் 80 ஸ்மால். கடைசியில் அது தள்ளுபடியில்தான் போகும். 64 என்ற ஒற்றை எண் இந்த இரண்டு நஷ்டத்தையும் மறைத்துவிடுகிறது. அடுத்த ஆர்டரில் சைஸ் விகிதத்தை எப்படி மாற்றுவீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். இந்த வேலையின் சாரம் இதுதான், அதை நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே செய்து காட்டிவிட்டீர்கள்.

மெர்ச்சண்டைசர் வேலைக்கு என்றால் துணிக் கணக்கு. வீட்டில் இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை அளந்து பாருங்கள். நீளம் 70 செ.மீ., கை நீளம் 22 செ.மீ., இரண்டுக்கும் சேர்த்து தையல், மடிப்புக்கு 10 செ.மீ. மொத்தம் 102. நெஞ்சுச் சுற்றளவில் பாதி 52, தையலுக்கு 4, மொத்தம் 56. முன்னும் பின்னும் உண்டு என்பதால் 102 × 56 × 2 = 11,424 சதுர செ.மீ., அதாவது ஏறக்குறைய 1.14 சதுர மீட்டர். துணி 180 ஜி.எஸ்.எம். என்றால், ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடை என்று அர்த்தம். ஆக ஒரு பீஸுக்கு சுமார் 206 கிராம். வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்தால் 226 கிராம்.

10,000 பீஸ் ஆர்டருக்கு 2,260 கிலோ துணி. வேஸ்டேஜை 7 சதவீதமாகக் குறைக்க முடிந்தால் 2,200 கிலோ போதும். 60 கிலோ மிச்சம். அன்றைய துணி விலையால் பெருக்கிப் பாருங்கள், கட்டிங் மாஸ்டருக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று புரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி. வெளியில் இருந்து வருபவர் இதைப் போட்டுக் காட்டினால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

இ-காமர்ஸ் வேலைக்கு, ஒரு பிராண்டின் பத்து குர்தி பக்கங்களைத் திறந்து, சைஸ் சார்ட் இருக்கிறதா, துணி விவரம் சரியா, ரிவ்யூவில் 'சைஸ் சிறுசா இருக்கு' என்ற புகார் எத்தனை என்று அட்டவணை போடலாம். ஆன்லைன் ஆடை விற்பனையில் ரிட்டர்ன்தான் பெரிய தலைவலி. அதைத் தொடும் எதையும் படிப்பார்கள்.

டிசைன் வேலைக்குப் போர்ட்ஃபோலியோ இல்லாமல் வழியில்லை. அதில் ஒன்று மட்டும் சொல்லலாம்: இறுதிப் படத்தைவிட அதற்கு எப்படி வந்தீர்கள் என்பதைக் காட்டுங்கள். துணி ஏன் அது, பேட்டர்ன் எப்படி வெட்டினீர்கள், முதல் சாம்பிளில் என்ன சொதப்பியது, என்ன விலைக்கு விற்க முடியும். பின்ட்ரஸ்ட்டில் இருந்து எடுத்த மூட்போர்டுகளை எல்லாரும்தான் வைத்திருக்கிறார்கள்.

யாரைத் தெரியும் என்பது முக்கியமா?

முக்கியம்தான். ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. லிங்க்ட்இன்-இல் 2 கோடி பேரின் தொடர்புகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. வேலை மாற அதிகம் உதவியது நெருங்கிய நண்பர்கள் இல்லை. ஓரளவு மட்டும் பழக்கமானவர்கள்தான் என்று அது காட்டியது. காரணம் எளிது: உங்கள் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்த வாய்ப்பு உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும்.

ஆகவே "எங்க குடும்பத்துல யாரும் இந்த ஃபீல்டுல இல்ல" என்பது முட்டுச்சுவர் இல்லை. காலேஜ் சீனியரின் ரூம்மேட், பழைய கம்பெனியில் பக்கத்து சீட்டில் இருந்தவர், டெல்லியில் 2024, 2025 பிப்ரவரி மாதங்களில் நடந்த பாரத் டெக்ஸ் போன்ற கண்காட்சியில் ஐந்து நிமிடம் பேசிய ஸ்டால்காரர் போதும். அவர்களிடம் எடுத்தவுடன் "சார், ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு 'சொல்றேன்' என்பதைத் தவிர அவரால் வேறு பதில் சொல்ல முடியாது. "உங்க டீம்ல புதுசா சேர்றவங்களுக்கு முதல் மூணு மாசம் என்ன வேலை குடுப்பீங்க மேடம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். அந்தப் பதிலே உங்கள் அடுத்த கவர் லெட்டரின் முதல் பத்தி.

விண்ணப்பித்த எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள்: நிறுவனம், பதவி, தேதி, எந்த ரெஸ்யூமே, யார் மூலம், என்ன ஆனது. இருபது தாண்டியதும் பாருங்கள். கூப்பிடவே இல்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேவிலோ தேர்ந்தெடுத்த பதவியிலோ இருக்கலாம். கூப்பிட்டு இரண்டாவது சுற்றில் விழுகிறது என்றால் தயாரிப்பில். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியது

ஏற்றுமதி நிறுவனம் என்றால், அவர்களுடைய பையர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்க ஆர்டர்களையே நம்பியிருந்த யூனிட்டுகள்தான் முதலில் ஆட்டம் கண்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் ஆடைகளுக்கு வரி நீக்கத்தை உறுதி அளித்தது. வரி நாளைக்கு ஏறலாம், இறங்கலாம். ஆனால் ஒரே நாட்டை, ஒரே பையரை நம்பி ஓடும் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவரின் நாற்காலிதான் முதலில் ஆடும். லிஸ்ட் ஆன நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையிலேயே இந்த விவரம் ஓரளவு கிடைக்கும். படித்துவிட்டுப் போனால் இன்டர்வியூவிலும் உதவும்.

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் இந்தத் துறையின் பழைய வியாதி. டிசைனர் ஸ்டுடியோக்களில் 'எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்பார்கள். மும்பையிலோ டெல்லியிலோ ஆறு மாத வாடகையை வீட்டில் இருந்து கட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே அது வாய்ப்பு. மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் ஏற்பாடு அது. ஒப்புக்கொண்டே ஆக வேண்டிய நிலை என்றால், எத்தனை வாரம், என்ன வேலை, செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் நாட்ஸ் அப்ரென்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. அந்தப் போர்ட்டலில் ஜவுளி, ரீடெயில் நிறுவனங்களையும் தேடிப் பாருங்கள்.

காசு கேட்டால் அது வேலை இல்லை. 'போர்ட்ஃபோலியோ ஷூட்டுக்கு 15,000 கட்டுங்க, பிராண்டுகிட்ட நாங்களே அனுப்புறோம்', 'யூனிஃபார்ம் டெபாசிட்', 'ட்ரெயினிங் ஃபீஸ், முதல் சம்பளத்துல திருப்பித் தந்துடுவோம்' என்று வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பெரிய பிராண்டின் பெயரில் ஜிமெயில் முகவரியில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்தால், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள கேரியர் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஆஃபர் உண்மையானது என்றால், அதில் உள்ள ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து சந்தோஷப்படும் முன், பி.எஃப்., கிராஜுவிட்டி, வேரியபிள் எல்லாம் போக மாதம் கையில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பணி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. 'சேர்ந்துடுங்க, லெட்டர் அப்புறம் தர்றோம்' என்று சொல்லும் இடத்தில், லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம்.